வலித்தவர் ரயிலேறலாம்

பழனிக்கு நடந்து போவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேர் போகிறார்கள், நன்றாகப் போகட்டும். அந்த ஆயிரத்தில் என் மனைவியும் ஒருத்தி என்றால்தான் ஆட்சேபணை. காரணம் தத்துவார்த்தமானது. தைப்பூசத்துக்கு நடந்து போய்த் திரும்ப ஒன்பது நாளாகும். அந்த ஒன்பது நாளும் காலையில் காப்பி போடுவது யார்?

மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் பெண் ஜானுவுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி. மருத்துவச்சி கையைப் பிசைந்தாள். அப்போது என் மனைவி பாலாம்பாள், "தாயும் பிள்ளையும் பொழச்சா நடந்தே வாரேன், முருகா" என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். பேரன் பிறந்தான், தவழ்ந்தான், இப்போது ஓடுகிறான். வேண்டுதல் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. முதல் வருஷம், வழியெல்லாம் காலரா என்றேன். இரண்டாம் வருஷம், வைகையில் வெள்ளம் வரப்போகிறது என்றேன். தை மாதத்தில் வைகையில் வெள்ளம்! பூகோள வாத்தியார் சொன்னால் யார் மறுப்பது?

மூன்றாம் வருஷம், யுவ வருஷத்துத் தை மாதத்தில், அவள் மறுத்தாள்.

"ஏங்க, செல்லூர் முத்துத்தாய் கூட்டம் வெள்ளிக்கிழமை பொறப்படுது. நானும் போறேன்."

"எழுபது மைல், பாலா! இங்கே வந்து பார்." ஜில்லாப் படத்தை விரித்தேன். "இது மதுரை. இது பழனி."

"ஒரு சாண்தான இருக்கு?"

"ஒரு அங்குலத்துக்கு எட்டு மைல்!"

"அது உங்க அங்குலம். நான் இதுமேலயா நடக்கப் போறேன்? ரோட்டுல நடக்கப் போறேன்."

கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குறுக்கே நின்றவனை முருகன் குறித்து வைத்துக்கொள்வான் என்ற பயம் எனக்கு உண்டு. அவளாக விட்டுவிட்டால் அது அவளுக்கும் முருகனுக்கும் உள்ள விவகாரம். எனவே ஒரு திட்டம் போட்டேன். முதல் நாள் நடை வாடிப்பட்டி வரை, பதினாறு மைல். அதில் சரிபாதியில் சமயநல்லூர். சமயநல்லூரில் ரயில்வே ஸ்டேஷன். மதுரைக்குப் பாசஞ்சர் மூன்றேகாலுக்கு. சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடந்து பழகியவள் எட்டு மைலில் உட்காராமல் எங்கே போவாள்?

"நானும் கூட வருகிறேன்," என்றேன். "ஒரு நிபந்தனை. கால் வலித்தால் ரயிலேறித் திரும்பிவிட வேண்டும்."

"யாரு?"

"வலித்தவர்."

"வலிக்காதவுக?"

"வலிக்காதவர் தாராளமாகப் பழனிக்குப் போகட்டும்!"

"சரிங்க," என்றாள். இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவள் ஒரே பேச்சில் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தல்லாகுளத்தில் எங்கள் வாசலுக்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் முத்துத்தாய். பூக்கட்டி விற்பவள், பதினோரு தடவை நடந்தவள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"அய்யா, செருப்போட வரப்படாது."

"நான் மாலை போடவில்லை, அம்மா. சும்மா துணைக்கு."

"துணைக்கு வாரவுகளும்தான். முருகன் மட்டும் என்ன செருப்பா போட்டுருக்கான்?"

பாலாம்பாள் மறுபேச்சில்லாமல் என் செருப்பை வாங்கி வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினாள்.

முதல் இரண்டு மைல் நான்தான் முன்னால். வேகமாக இழுத்துச் சென்றால் அவள் சீக்கிரம் களைப்பாள் என்பது கணக்கு. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் போலவும் இல்லாமல், தூங்கி எழுந்தவள் போலவும் இல்லாமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, மெதுவாப் போங்க!"

ஆகா, ஆரம்பித்துவிட்டது என்று மகிழ்ந்தேன். விளாங்குடியில் எனக்கு ஆரம்பித்தது.

ஜில்லா போர்டார் அந்த ரோட்டுக்குப் புதிதாகச் சரளைக்கல் கொட்டியிருந்தார்கள். கல்லில் எத்தனை வகை உண்டு என்று முப்பது வருஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வகையும் தனித்தனியே வந்து என் உள்ளங்காலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. என்னைச் சுற்றிலும் பெண்கள் அதே கல்மேல் வெற்றிலை போட்டுக்கொண்டு, மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். பிறந்ததிலிருந்து செருப்பு என்பதையே அறியாத பாதங்கள். என் பாதங்களோ முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவை.

இடது பக்கம் தூரத்தில் நாகமலை. அதைக் காட்டி ஒரு பிரசங்கம் செய்தால் சற்று நிற்கலாம்.

"பாலா, அந்த மலையைப் பார். பாம்பு படுத்திருப்பது போல..."

"நடந்துக்கிட்டே சொல்லுங்க, கேட்டுக்கிட்டே வாரேன்."

நடந்தேன். மைல் மைலாக நடந்தேன். அந்தப் பாம்புக்கு வால் வரவேயில்லை.

பரவை தாண்டியதும் மைல்கற்களில் எனக்குத் திடீர் ஆராய்ச்சி பிறந்தது. கல்லில் எண் எப்படிச் செதுக்கியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். குனிந்தவன் அப்படியே அதன்மேல் அமர்வேன்.

"என்ன தாயி, வாத்தியாரய்யா கல்லுக்குக் கல்லு உக்காந்து கணக்கெடுக்குறாக?" என்றாள் முத்துத்தாய்.

"அவுகளுக்கு எதையும் சரிபாக்கணும்," என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் குனிந்து, "கால் வலிக்குதாங்க?"

"யாருக்கு? எனக்கா? உனக்கு வலிக்கிறதா என்று சொல்!"

"எனக்கு என்னங்க வலி? மார்கழி முப்பது நாளும் விடியக்காலம் நடந்துதான மீனாச்சி கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்? போக ரெண்டு மைலு, வர ரெண்டு மைலு."

"ஜட்காவில் போகவில்லையா!"

"நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள காப்பி போடத் திரும்பி வந்துருவேன்ல. உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அந்தக் கல்லிலிருந்து எழுந்திருக்க எனக்கு இரண்டு பேருடைய கை தேவைப்பட்டது.

சமயநல்லூரில் ஸ்டேஷனுக்கு எதிரே புளியமர நிழலில் கூட்டம் கட்டுச்சோற்றை அவிழ்த்தது. நான் படுத்தேன். இடது காலில் மூன்று கொப்புளம், வலது காலில் நான்கு. பூமி உருண்டை என்பதை அதுவரை புத்தகத்தில் படித்து நம்பியிருந்தேன். இப்போது என் குதிகாலே உருண்டையாக இருந்தது. மணி இரண்டரை. முத்துத்தாய், "வேல் வேல்!" என்று எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். வலிக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? நிபந்தனையே என்னுடையது.

அப்போது பாலாம்பாள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஏங்க, எனக்கு ஒரே கவலையா இருக்கு. கொல்லைக் கதவுக்குத் தாப்பாப் போட்டேனா இல்லையான்னு ஞாபகம் வரமாட்டேங்குது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"என்ன பொறுப்பில்லாத்தனம்! வீட்டைத் திறந்து போட்டுவிட்டா எழுபது மைல் வருவது?"

"தப்புத்தாங்க. நானே திரும்பிப் போயிரட்டா?"

"நீயா? வேண்டுதல் உன்னுடையது. நடுவழியில் நிறுத்தினால் தெய்வக் குற்றம். நீ போ. நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்."

"உங்களுக்கு இம்புட்டு தூரம் வந்தும் பழனி பாக்கக் குடுத்து வைக்கலையே..."

"என்ன செய்வது? குடும்பம் என்றால் யாராவது ஒருவர் தியாகம் செய்யத்தான் வேண்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது போல் இருந்தது. முந்தானைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. என்னை ஸ்டேஷன் பெஞ்சு வரை தாங்கிக் கொண்டுவந்து உட்கார வைத்து, வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தை ஓடிப் பிடித்தாள். ஆமாம், ஓடினாள்.

பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் வலிக்கிறது என்று என் வாயால் நான் சொல்லவில்லை. அந்த வகையில் தோல்வி இல்லை. ஆனால் பழனிக்குப் போ என்று சொன்னதும் இதே வாய்தான். கணக்கு எங்கே பிசகியது என்று மதுரை வரும்வரை பிடிபடவில்லை.

வண்டி பிடித்து வீடு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்குமேல் ஒரு பூட்டும் தொங்கியது.

வாசலில் வளையல் சத்தம். பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை துளசிராமின் மனைவி லலிதாம்பாள், ஒரு கையில் தூக்குப்பாத்திரமும் மறு கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே! காப்பி சூடா இருக்கு. இது நொச்சித் தைலம், கொப்புளத்துல படாமக் கெண்டைக்கால்ல மட்டும் தேய்க்கணுமாம். அக்கா காய்ச்சிக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்க வார வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு எங்க வீட்லதான்."

"நான் இன்றைக்கே திரும்புவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் உங்களப் பத்திப் பேச்சு வந்துச்சுண்ணே. விளாங்குடியிலயே உக்காந்துருவீங்கன்னு நான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் பரவைன்னாரு," என்றாள் லலிதாம்பாள். "அக்கா ஒருத்திதான் உங்க மேல நம்பிக்கை வச்சுச் சமயநல்லூர்னு அடிச்சுச் சொன்னாங்க!"