ஒரெஸ்தேயின் குறுக்கு வழிகள்

ஐந்து பேரில் யார் அந்த வேவுக்காரர் என்று யோசித்தே ஒரெஸ்தேவுக்கு நடக்கத் தொடங்குமுன் சட்டை நனைந்துவிட்டது.

அவன் தற்காலிக வழிகாட்டியாக இருந்த மலைப் பூங்காவின் அலுவலகத் தலைவர் காலையில் ஃபோன் செய்து, பல் பிடுங்கப் போகும் டாக்டரைப் போல இனிமையாகச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு உங்களோட நடக்கறவங்கள்ல ஒருத்தர் மதிப்பீட்டாளர். யாருன்னு சொல்ல மாட்டேன். அவர் சரின்னு எழுதிட்டா வேலை நிரந்தரம். இல்லேன்னா, ஒரெஸ்தே, நாம நண்பர்களாவே பிரிஞ்சுடலாம்."

நண்பர்களாகப் பிரிவது பற்றி ஒரெஸ்தேவுக்குக் கவலை இல்லை. பிரிந்த பிறகு போகவேண்டிய இடம்தான் கவலை. அவன் வேலை பார்த்த கூரை ஓட்டுத் தொழிற்சாலை மூடிய நாளிலிருந்து மைத்துனன் இவானோ தன் பன்றிப் பண்ணைக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போன வாரம் ஒரெஸ்தேயின் கால் அளவுக்கு ரப்பர் பூட்ஸே வாங்கி வைத்துவிட்டான். "இந்த வேலையும் போச்சுன்னா மறுநாளே பூட்ஸை மாட்டு" என்று மனைவி லொரெத்தா தீர்ப்பும் சொல்லியாயிற்று.

ஆகவே ரயிலடியில் நின்ற ஐவரையும் ஒரெஸ்தே கண்ணாலேயே சோதனை போட்டான். மிலானோவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒருவரையொருவர் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. டென்மார்க்காரர் ஒருவர் குப்பைத்தொட்டி வரை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வைக்கோல் தொப்பி போட்ட ஒல்லி மனிதர் அமெதேயோ ஆரம்பிக்குமுன்பே கொட்டாவி விட்டார். மிச்சம் இருந்தது எர்சிலியா அம்மாள். அறுபது வயசு இருக்கும். தேவாலயத்துக்குப் போகிற செருப்பு. கையில் சந்தைப் பை. பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் வெங்காயத்தாள்.

களிமண் மேடுகளைச் சுற்றிப் பார்க்க யாராவது வெங்காயத்தாளோடு வருவார்களா? இது வேஷம்தான் என்று ஒரெஸ்தே முடிவு கட்டினான். வேஷத்தைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டாள் என்றுகூட நினைத்தான்.

"அம்மா, பையைக் குடுங்க. நான் தூக்கிட்டு வரேன்."

"அடடே, நல்ல பிள்ளையா இருக்கியே" என்று அவள் உடனே கொடுத்துவிட்டாள். பை கல்லாகக் கனத்தது.

திட்டம் எளிமையானது. கலாங்கி என்ற அந்தக் களிமண் மேடுகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடை. வழியில் 'மூன்று கன்னியாஸ்திரிகள்' என்ற மண் தூண்கள். மதியம் ஒரெஸ்தேயின் சொந்த ஊரான மொந்தால்வோவின் கோட்டை வாசலில் சாப்பாடு.

பாதை முதலில் இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவன் வலப்பக்கம் திரும்பினான். எர்சிலியா நின்றுவிட்டாள்.

"ஏன் தம்பி, இடது பக்கம் நிழலா இருக்கு. வெயில்லதான் கூட்டிட்டுப் போகணும்னு சட்டமா?"

ஒரெஸ்தேவுக்குள் மணி அடித்தது. பயணிகளின் நலனில் அக்கறை: கேள்வி ஒன்று! "நானும் அதையேதான் சொல்ல வந்தேன்மா" என்று இடது பக்கம் திரும்பினான். கொஞ்ச தூரம் போய் மலைமுதுகைச் சுற்றி வலப்பக்கம் சேர்ந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

வசந்தகால மழை அந்த மலைமுதுகையே கரைத்துக் கொண்டுபோயிருந்தது. பாதை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எஞ்சியிருந்த விளிம்பு ஓர் ஆடு நடக்கும் அகலம்தான். ஒரெஸ்தே அதன்மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தான்.

"அதுல ஏறி நாங்க விழுந்தா யார் பொறுப்பு?" என்றாள் எர்சிலியா. "கீழே ஓடை வறண்டு கிடக்கு பார். அது வழியா இறங்கினா என்னவாம்?"

பாதுகாப்பு: கேள்வி இரண்டு!

"ஓடைதான் எப்பவும் போற வழி. விளிம்பைச் சும்மா காட்டினேன்" என்றான் ஒரெஸ்தே.

ஓடை வளைந்தது, இன்னும் வளைந்தது, பிறகு எந்தத் திசையில் போகிறோம் என்பதே புரியாதபடி ஒரு சுற்றுச் சுற்றியது. இரு பக்கமும் மண் சுவர்கள். போன வருஷம் பார்த்த மேடு இந்த வருஷம் இல்லாத ஊரில் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது? தொலைந்துவிட்டோம் என்று ஒரெஸ்தேவுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த மூன்று கன்னியாஸ்திரிகள் எங்கே?" என்று தொப்பிக்கார அமெதேயோ கேட்டார்.

கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு தூண்கள்தான் நின்றன. ஒரெஸ்தே அவற்றைக் காட்டினான்.

"இதோ."

"ரெண்டுதானே இருக்கு?"

"மூணாவது அம்மா மடத்தை விட்டுப் போயிட்டாங்க."

டென்மார்க்காரர் இரண்டையும் படம் எடுத்தார். புதுமணப் பெண் பசிக்கிறது என்றாள். ஒரெஸ்தே மெல்ல, வந்த வழியே திரும்பலாமா என்று பின்னால் பார்த்தான்.

"வழி தெரியாதவங்கதான் பாதியில திரும்புவாங்க" என்றாள் எர்சிலியா, செருப்பிலிருந்து மண்ணை உதறிக்கொண்டே. "நேரா அந்த மஞ்சப்பூப் புதருக்குப் பக்கத்துல ஒரு ஏத்தம் தெரியுதே, அதுல போக மாட்டியா?"

தன்னம்பிக்கை: கேள்வி மூன்று. வேறு வழி? ஏறினார்கள். மேலே போனதும் கருவாலி மரங்கள் வந்தன, அதற்கப்பால் கல் பாவிய சாலை, அதற்கப்பால் வளைவு வைத்த கோட்டை வாசல். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரெஸ்தே மட்டும் தட்டவில்லை. வளைவின் மேல் செதுக்கியிருந்த முத்திரை ஒரு கரடி. மொந்தால்வோவின் முத்திரை சேவல். கரடி, பக்கத்து ஊரான பியெத்ரால்பாவுடையது.

பியெத்ரால்பாவுக்குள் மொந்தால்வோக்காரன் காலடி வைத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஊர்க்காரர்கள் அப்போது ஒரு திருவிழா நாளில் மாட்டு வண்டியில் வந்து மொந்தால்வோவின் தேவாலய மணியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள். மொந்தால்வோ கோபுரம் இன்றும் காலியாகத்தான் நிற்கிறது. வேறு மணி வாங்கி மாட்டினால் அந்த மணி போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்! பூசை நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள்.

"இதுதானே உங்க ஊர்?" என்றார் அமெதேயோ.

கண்முன் ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.

"இதேதான். நான் பொறந்து வளர்ந்த மொந்தால்வோ" என்றான் ஒரெஸ்தே.

பிறந்து வளர்ந்த ஊரில் முதல் சந்திலேயே முட்டுச் சுவரில் போய் நின்றான். "கட்டடக் கலையைப் பின்பக்கமா பார்க்கறதுதான் அழகு" என்று சமாளித்துத் திரும்பினான். இரண்டாவது சந்து யாரோ ஒருவரின் கோழிக்கூண்டில் முடிந்தது. மூன்றாவது, நல்லவேளையாக, சதுக்கத்துக்குக் கொண்டுவிட்டது. அங்கே ரொட்டிக் கடைக்காரன் பலகை போட்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோபுரத்து மணி பன்னிரண்டு அடித்தது.

"மொந்தால்வோவுல மணியே கிடையாதுன்னு கையேட்டுல போட்டிருக்கே?" என்று அமெதேயோ கையேட்டை விரித்தார்.

"இருந்துச்சு. திருடிட்டுப் போயிட்டானுங்க. நாங்க திரும்பக் கொண்டுவந்துட்டோம்."

"எப்போ?"

"போன வாரம்."

ரொட்டிக்கடைக்காரன் எழுந்தான்.

ஒரெஸ்தே அவனைக் கவனிக்கவில்லை. அவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை ஏறிய வெண்கலத்தின் விளிம்பில் ஒரு சிறிய சேவல். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் பார்க்காமலே செத்துப்போன சேவல். "எங்க ஊரு மணி" என்றான். அன்று காலையிலிருந்து அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

"யோவ்! மொந்தால்வோக்காரனா நீ?" என்று கத்தினான் ரொட்டிக்கடைக்காரன். "மணியைத் தூக்கவா வந்திருக்கே? பட்டப்பகல்லயா? அதுவும் ஆள் கூட்டிக்கிட்டு? டேய் எல்லாரும் வாங்கடா!"

ஜன்னல்கள் திறந்தன. டென்மார்க்காரர் ஜன்னல்களையும் படம் எடுத்தார். ஒரெஸ்தே வெங்காயத்தாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எர்சிலியாவின் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, ஒப்புக்கறேன். நான் தொலைஞ்சுட்டேன். இது பியெத்ரால்பா. என்ன வேணா எழுதுங்க. ஆனா என் மைத்துனனை ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு எழுதுங்க!"

"எழுதறதா? நானா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் வழியிலேயே எழுதியாச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அமெதேயோ தொப்பியைக் கழற்றிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "நான்தான் மதிப்பீட்டாளர். பதினொரு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். எல்லா வழிகாட்டியும் பாதையைத்தான் பார்ப்பான். வயசான ஒருத்தங்க முகம் சுளிச்சதுக்காகப் பாதையையே மூணு தடவை மாத்தினவனை இப்பத்தான் பார்க்கறேன். வந்த ஊரு தப்புதான். அது எனக்கு அந்தக் கரடியைப் பார்த்ததுமே தெரியும். ஆனா அதுக்குள்ள நிரந்தரம்னு எழுதிட்டேன், எழுதினதை அடிக்க மனசு வரல."

ஒரெஸ்தேவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையில் பை இருந்ததால் முடியவில்லை. ரொட்டிக்கடைக்காரன் எர்சிலியாவைக் கண்டதும் பாதிக் கத்தலில் வாயை மூடிக்கொண்டான். அப்புறம்தான் ஒரெஸ்தேவுக்குச் சந்தேகம் வந்தது. மெதுவாகத் திரும்பினான்.

"அப்போ நீங்க யாரும்மா?"

எர்சிலியா அதற்குள் எதிர்வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்துவிட்டு, பைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு பஸ் ஸ்ட்ரைக்கு தம்பி. குறுக்கு வழி எனக்கு அத்துப்படிதான், ஆனா வழிகாட்டி இல்லாம உள்ளே போனா அபராதம்னு உங்க பூங்காக்காரங்க பலகை வெச்சிருக்காங்களே, அதான் உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."