கொசோவோவும் மைக்செட் அண்ணாச்சியும்

கொசோவோவைப் பற்றிக் கத்தியே வண்ணார்பேட்டையில் டவுன் பஸ்ஸை நிறுத்தியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மைக்செட் அண்ணாச்சி. டீக்கடையில் யாருக்கோ வெட்டுக்குத்து என்று நினைத்து டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

கோயில் கொடைத் திருவிழாக்களில் மைக்செட் கட்டி, குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்து அண்ணாச்சிக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. ரகசியத்தையும் ஊருக்கே சொல்வார். டீ கிளாஸோ வாழைப்பழமோ, கையில் இருப்பதை ஒரு தட்டுத் தட்டி, "ஃபூ... ஃபூ..." என்று ஊதிய பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பார்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கடலுக்கு அப்பால் கொசோவோவில் சொந்த ஜனங்களையே அரசாங்கம் அடித்து விரட்டுகிறது என்று, வெளிநாட்டு விமானங்கள் அங்கே போய்க் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் தெருவிலிருந்த கோர்ட் குமாஸ்தா அதற்குப் பலத்த ஆதரவு.

"அநியாயம் நடந்தா உள்ள பூந்து அடிக்கணும்வே. பாத்துக்கிட்டா இருக்கது?"

அண்ணாச்சி கிளாஸை ஊதினார். "மேல இருந்து குண்டு போடுதான். கீழ சாவுதது அரமணைக்காரனாவே? அந்தச் சனங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டானா?"

"அப்ப அடி வாங்கிச் சாவட்டுங்கீரா?"

இதைக் கேட்டதும் அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இப்படிக் கடல் தாண்டி நியாயம் கேட்ட எங்கள் தெருவில், சாயங்காலமானால் ஓர் அலறல் கேட்கும். கொடைக் கமிட்டித் தலைவர் வீடு. பெரிய ஆபீசர், நெற்றி நிறையத் திருநீறு. ஆபீசில் யார் மேல் கோபமோ, அடி மனைவிக்கு. அலறல் கேட்டதும் தெருவே டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கும். "அவுக வீட்டு விவகாரம்லா" என்பார்கள். வெட்கங்கெட்ட ஜனங்கள்! இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஒருநாள் குமாஸ்தாவுக்கு வீரம் வந்தது. நாலு பேரோடு போய்க் கதவை உடைத்து, ஆபீசரைச் சாத்து சாத்தென்று சாத்திவிட்டு, டீ குடிக்க வந்துவிட்டார். மறுநாள் அந்தப் பெண்ணின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வீட்டுக்குத் தாழ்ப்பாளும் இல்லை.

"நாம செய்யுதத செஞ்சாச்சு" என்று குமாஸ்தா பேப்பரைப் பிரித்தார். அண்ணாச்சி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நேரே தெருக்குழாயடிக்குப் போனார். அவள் குடத்தோடு நின்றாள். குடத்தைத் தட்டினார், ஊதினார்.

"ஏம்மா, நாங்க என்ன செய்யணும்? நீ சொல்லு."

அவள் ஏதோ முனகினாள்.

"கேக்கல!"

மறுபடியும் சொன்னாள்.

"கேக்கலம்மா, சத்தமா!"

அவள் வெடித்துவிட்டாள். "வந்து அடிச்சிட்டுப் போயிராதீய அண்ணாச்சி! போன பொறவு நாந்தான படுதேன்! அவுக கைய ஓங்குத நேரம் எல்லாரும் எங்க வாசல்ல வந்து நில்லுங்க. நான் போங்கன்னு சொல்லுத வரைக்கும் நில்லுங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் காதில் விழவில்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீசர் வீட்டு எதிரே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறியது. உள்ளே குரல் உயர்ந்ததும் வெளியே, "ஃபூ... ஃபூ... பெரியோர்களே, தாய்மார்களே! கமிட்டித் தலைவர் அவர்கள் கையை ஓங்கிவிட்டார்கள். அனைவரும் வாசலுக்கு வந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

சிலர் கூசிக்கொண்டு வந்தார்கள், சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆனால் வந்தார்கள். உடைந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. ஓங்கிய கை தலையைச் சொறிந்துகொண்டது.

"இந்த வருசக் கொடைக்கு ஒம்ம மைக்செட் கிடையாதுவே!" என்று ஆபீசர் கத்தினார்.

"கேக்கல!" என்றார் அண்ணாச்சி.

கொடைக்கு வேறு ஆள் வந்தான். வெளியூர் ஆர்டரையும் விட்டுவிட்டு, அண்ணாச்சி தினமும் சாயங்காலம் அந்த வாசலிலேயே ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, நீரும் படையெடுத்துட்டீரே!" என்று குமாஸ்தா சீண்டினார்.

"அவ சொன்னா, வந்தேன். போன்னு சொல்லல, இருக்கேன். ஒம்ம குண்டுக்காரன்ட்ட இதப் போய்ச் சொல்லும்."

ஆடி பிறந்ததும் அவள் பெட்டியோடு, குலசேகரன்பட்டினத்துத் தாய்வீட்டுக்குக் கிளம்பி வெளியே வந்தாள். "இனி நீங்க போலாம் அண்ணாச்சி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அது அவருக்குக் கேட்டது.

அண்ணாச்சி இப்போது இல்லை. எங்கேயாவது யாராவது மைக்கை ஊதினால், நான் டி.வி.யை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன்.