விடுதி மூலையின் அங்கீகரிக்கப்பட்ட உயரம்

இந்தப் பிரபஞ்சத்தில் இடம்பெயராத பொருள்கள் இரண்டு. ஒன்று துருவ நட்சத்திரம். மற்றொன்று, எங்கள் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் விடுதியின் வடகிழக்கு மூலை. துருவ நட்சத்திரத்தைப் பற்றி வானியல் அறிஞர்களுக்குச் சில ஐயங்கள் உண்டு என்று கேள்வி. விடுதி மூலையைப் பற்றி எங்கள் துறையில் யாருக்கும் ஐயமில்லை. ஐயப்பட்ட ஒருவனும் போன மாதம் திருந்திவிட்டான்.

முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக வாழ்க்கைக்குப் 'பழகிக்கொள்ள' வேண்டும் என்பதற்காகவே நில அளவை என்றொரு பாடம் வைத்திருக்கிறார்கள். வாசலருகே உயரம் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. முக்காலியில் மட்டக்கருவியை நிறுத்தி, அந்தக் கல்லில் தொடங்கி, விடுதி மூலைச் சுவரில் பதித்த பித்தளைக் குமிழ் வரை அளந்துபோய், குமிழின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். வெயிலில் அரை நாள் வேலை. ஆனால் எங்கள் மூத்த மாணவர்கள் தொலைநோக்கு உள்ளவர்கள். குமிழின் உயரம் துறைக்கு ஏற்கெனவே தெரியும். விடை தெரிந்த பிறகும் அளப்பது விடையை அவமதிப்பதாகாதா? ஆகவே நாங்கள் வந்த வாரமே எங்களை வரிசையாக நிறுத்தி, கருவியில் வரவேண்டிய ரீடிங்குகள் அனைத்தையும் ஒப்பிக்கவைத்தார்கள். திக்கினால் மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகு நல்ல நிழலாகப் பார்த்து உட்காருவதே 'களப்பணி'.

நான் உடனே பழகிக்கொண்டேன். என் அறைத்தோழனுக்குத்தான் முடியவில்லை. பள்ளியில் முதல் மாணவன். ஆகவே விவரம் போதாதவன். 'தராசு' என்று பெயர் வைத்திருந்தோம். அவன் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, உண்மையில் அளந்தான். மூக்கு கருகித் திரும்பி வந்தான்.

"டேய், மூலை இறங்கியிருக்குடா."

"எங்க, சாப்பிடவா?"

"விளையாடாத. நாம மனப்பாடம் பண்ணினதைவிட ஒரு கட்டைவிரல் அகலம் கீழ இருக்கு. கட்டடமே அந்தப் பக்கமா உக்காருது."

"எத்தனை வருஷமா நிக்குது, பாவம். அதுக்கும் கால் வலிக்கும்ல?"

மேசைமேல் கிடந்த பென்சில் தானாக உருண்டு சன்னல் பக்கம் போய் விழுந்தது. நாங்கள் வந்த நாள் முதலே அது உருள்கிறது. விடுதியில் அதற்குக் 'காற்று' என்று பெயர்.

மறுநாள் அளவை ஆசிரியரிடம் போனான், துணைக்கு நானும். விடுதி வார்டனும் அவர்தான். அந்த மூலையின் தரைத்தளத்தில்தான் குடும்பத்தோடு குடியிருந்தார்.

"என்ன தம்பி, உன் ரீடிங் மட்டும் தனியா நிக்குது?"

"நான் அளந்தேன் சார்."

"அதான் கேக்குறேன். ஏன் அளந்த?"

தராசு அளவைக் குறிப்பேட்டை நீட்டினான்; ஆசிரியர் அதைத் தொடவில்லை.

"வகுப்புல அத்தனை பேருக்கும் ஒரே உயரம் வருது. உனக்கு மட்டும் பூமி உள்ள போகுதா?"

"வேற கருவி வச்சும் பாத்தேன் சார். மறுபடி மறுபடி அதேதான் வருது."

"மறுபடி மறுபடி வந்தா அது தப்பு இல்லப்பா. குணம்."

"சுவத்துல விரிசல்கூட இருக்கு சார்."

"அது பெயிண்ட். பெயிண்டுக்கு வயசாயிடுச்சு." அவர் குரலைத் தாழ்த்திக் கருணையோடு சொன்னார்: "சரிக்கட்டி எடுத்துட்டு வா, பத்துக்குப் பத்து. இல்லேன்னா கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லேன்னா பரீட்சை இல்ல. அடுத்த வருஷம் புதுப் பசங்களோட நின்னு இதே மூலையை அளந்துக்கிட்டு இருப்ப."

"அடுத்த வருஷம் மூலை இருக்குமா சார்?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

'சரிக்கட்டுதல்' நில அளவையின் மகத்தான கண்டுபிடிப்பு. நிலத்தில் இருப்பதற்கும் துறையில் இருப்பதற்கும் வேறுபாடு வந்தால், அந்த வேறுபாட்டைத் துண்டுதுண்டாக்கி எல்லா ரீடிங்குகளுக்கும் பங்கிட்டுவிட வேண்டும். எந்த எண்ணும் பெரிய பொய் சொல்லாது. எல்லா எண்களும் ஆளுக்குக் கொஞ்சம் சொல்லும். இதைவிடச் சிறந்த கூட்டுறவு இயக்கத்தை நான் கண்டதில்லை.

தராசு அக்காவுக்குப் போன் செய்தான். அவனைப் படிக்கவைப்பவள் அவள்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, சார் பொய்யா எழுதச் சொல்றாரு."

"எவ்வளவு பொய்?"

"ஒரு கட்டைவிரல் அகலம்."

"அவ்வளவுதானா? நான் ஆபீஸ்ல தினம் ஒரு முழம் சொல்றேன். வருஷத்தை வீணாக்கிடாதடா கண்ணு. கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

"இறங்குறது எங்க ஹாஸ்டல் அக்கா."

"நீ எந்த மாடி?" என்றாள் அக்கா.

"ரெண்டாவது."

"அப்பச் சரி. கீழ இருக்கிறவங்கதானே முதல்ல பயப்படணும்?"

அவன் அனுசரித்தான். கட்டைவிரல் முறையாகப் பங்கிடப்பட்டது. குமிழ் தன் அங்கீகரிக்கப்பட்ட உயரத்துக்கு மரியாதையாக ஏறி வந்தது. சிவப்பு மையில் பத்துக்குப் பத்து; அதன் கீழே கையெழுத்து. "இப்பத்தான் நீ இன்ஜினியர்!" என்று ஆசிரியர் முதுகில் தட்டினார். துறைக் கூட்டத்தில் அவனை எழுந்து நிற்கச்சொல்லிக் கைதட்டினார்கள். தராசு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஆசிரியர் வீட்டுக் கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, துணி துவைக்கும் இயந்திரம் ஏறியது. பூந்தொட்டிகள்கூட ஒன்று பாக்கியில்லாமல் ஏறின.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"வீட்டுக்காரம்மாவுக்கு இந்தப் பக்கத்துக் காத்து ஒத்துக்கலப்பா."

"மூலை வீடு சார்?" என்றான் தராசு.

"காலியா விடுவமா? நீங்க ரெண்டு பேரும் கீழ வந்துடுங்க. நல்லாப் பழகிக்கிட்ட பசங்களுக்கு ஒரு பரிசு வேணாமா? நீயே அளந்து கொடுத்த மூலை, பயமென்ன?"

லாரி கிளம்பியது. எங்கள் ஆசிரியரைப் போல ஒரு மேதையைப் பார்ப்பது அரிது. இந்தப் பல்கலைக்கழகம் முழுவதிலும், தராசு முதலில் அளந்து சொன்ன உயரத்தை நம்பியவர் அவர் ஒருவர்தான்.