வேர்ஞானியின் கறுப்புத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கள் ஊரில் தக்காளிச் செடிகள் வரிசையில் நிற்கும். தாமாக நிற்காது. வேரோடு பிடுங்கப்பட்டு, ஈரச் சாக்கில் சுற்றப்பட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போலத் தோளில் சாய்ந்துகொண்டு வரும். செடிக்கு இலை வாடியிருக்கும். தூக்கி வருகிறவருக்கு முகம் வாடியிருக்கும். இரண்டில் எதற்கு நோய் முற்றியிருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

எல்லோரும் வேர்ஞானியைப் பார்க்க வருகிறவர்கள். இருமலுக்கு மருந்து வாங்க அரை மணி நேரம் காக்க வைத்தால் மருத்துவரின் ஏழு தலைமுறையையும் திட்டுகிற மனிதர்கள், இங்கே டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் பலன் போய்விடும் என்று ஞானி சொல்லியிருந்தார். கேள்வி கேட்காமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகைதான் அவர் சன்னிதானம். பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, எடைமேடையின் மேல் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவரை அந்த மேடையில் அழுகல் இருந்தால் தனியே எடுத்து வீசிவிடுவோம்.

ஞானி மேடையேறுவார். தோளில் வெள்ளைத் துண்டு. துண்டெல்லாம் துரு நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கறை. “ஊர் வினையெல்லாம் தன் துண்டுல வாங்கிக்கிறாரு” என்று பக்தர்கள் உருகுவார்கள். பணத்தை அவர் கையால் தொடமாட்டார். அந்தப் பாவத்தை அவருடைய மச்சான் தொடுவார்.

முன்னால் கண்ணாடிச் சாடி ஒன்று. அதில் தெளிந்த தண்ணீர். ஏழு ஊற்றுகளில் எடுத்ததாம். நோய்கண்ட செடியின் வேரைக் கல்லில் வைத்து நசுக்கி, துணியில் முடிந்து சாடிக்குள் விடுவார். கொஞ்ச நேரத்தில் முடிச்சிலிருந்து கறுப்பாக ஒன்று புகைபோல இறங்கும். சாடி முழுக்க மை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

“பாத்துக்க. உன் செடிக்கு யாரோ வச்ச வினை இறங்குது.”

பிறகு இடுப்பிலிருந்து வெள்ளைப் பொடி. இரண்டு சிட்டிகை. கலக்குவார். கறுப்பு வெளுத்துத் தண்ணீர் தெளியும். வினை எரிந்துவிட்டது.

அத்துடன் விட்டிருந்தால் பணத்தோடு போயிருக்கும். கடைசியாக ஒரு சடங்கு இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் தோட்டத்து மண்ணில் ஒரு படி கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் உள்ள குழியில் கொட்ட வேண்டும். ஞானி தடியால் கலக்குவார். “கலந்த மண்ணுக்குப் பகை கிடையாது” என்பார். கலந்த மண்ணில் ஆளுக்கு ஒரு படி வாங்கிப் போய்த் தோட்டத்தின் நாலு மூலையிலும் தூவ வேண்டும்.

தூவினார்கள். அடுத்த செவ்வாய்க்குக் கூட்டம் இரட்டிப்பானது. அதற்கடுத்த செவ்வாய்க்கு வெளியூரிலிருந்து வேன் வந்தது. தோட்டங்கள் மளமளவென்று காய்ந்துகொண்டிருந்தன. “ஞானி இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்” என்று காய்ந்த தோட்டக்காரர்களே சாட்சி சொன்னார்கள்.

காயாதது ஒரே ஒரு தோட்டம். என் அத்தையுடையது.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு தனியாளாகத் தோட்டம் பார்ப்பவள். எங்கள் தோட்டத்துக்கு அடுத்தது அவளுடையது. அவளுக்குச் சில கிறுக்குகள் உண்டு. அடுத்தவர் மண்வெட்டியை இரவல் வாங்கமாட்டாள். ஒரே பயிரை மறுபடி மறுபடி வைக்கமாட்டாள். வேரடியில் தண்ணீர் தேங்கவிடமாட்டாள். அப்பா பயபக்தியோடு கலந்த மண்ணை எடுத்துக்கொண்டு போனபோது, “என் மண்ணுக்கு என்ன குறைச்சல்? கண்டவன் மண்ணு எனக்கு எதுக்குடா?” என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஞானி பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் வம்பு என்று தெரிந்தவர். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்:

“சுத்தி எல்லாம் காயுது. நடுவுல ஒண்ணு மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குது. அந்தப் பச்சை எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்களே யோசிங்க.”

அவர் யோசிக்கச் சொன்ன ஒரே இடம் அதுதான். அங்கே மட்டும் ஊரே சிரத்தையாக யோசித்தது.

அத்தை வந்தால் தெருவில் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். அவள் மாட்டுப் பால் விலை போகவில்லை. கடைசியில், பொதுக் கிணற்றில் அவளுக்குள்ள தண்ணீர் முறையை வரும் செவ்வாய் கொட்டகையில் விவசாயிகள் சங்கத்தைக் கூட்டி ரத்து செய்வது என்று முடிவானது. அவளுடைய செடிகள் காய்ப்பில் நின்றன. பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் அவை காய நோயே தேவையில்லை. மோட்டார் அறையின் சாவி என் அப்பாவிடம் இருந்தது. பூட்டப் போகிறவரும் அவர்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல். அதனால் வங்கிப் படிவம் நிரப்பும் உரிமை எனக்கு உண்டு. வாய் திறக்கும் உரிமை இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் திறந்தேன்.

“உங்க அக்காப்பா அது.”

“அக்காங்கறதாலதான் இத்தனை நாள் பொறுத்தேன்” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

எங்கள் செடி ஒன்றைப் பிடுங்கிவந்து அவர் முன்னால் தண்டை அறுத்துக் காட்டினேன். உள்ளே பழுப்பு வளையம். வினையின் தடம் என்றார். பூஞ்சையின் தடம் என்றேன். மண்ணிலிருக்கிற பூஞ்சை வேர் வழியாக உள்ளே ஏறுகிறது. வேர் கைகட்டிக்கொண்டு இருப்பதில்லை. அந்தப் பூஞ்சைக்கு ஆகாத கசப்புச் சரக்குகளைத் தானே காய்ச்சுகிறது. எதிரி மேலே ஏறாதபடி தன் தண்ணீர்க் குழாயையே அங்கங்கே அடைக்கிறது. பழுப்பு அந்தச் சண்டையின் மிச்சம். குழாய் அடைபட்டதால்தான் இலை வாடுகிறது. இவ்வளவையும் சொன்னேன். அப்பா கேட்டதில் நியாயமான கேள்வி ஒன்று இருந்தது.

“மருந்து செய்யத் தெரிஞ்ச செடி ஏன் சாகுது?”

“வைத்தியம் பண்ணா எல்லாரும் பொழைச்சுடுறாங்களா? அது முடிஞ்ச மட்டும் போராடுது. நீங்கதான் வாராவாரம் புதுப் பூஞ்சையைப் படியில அளந்து கொண்டாந்து தூவுறீங்க.”

“நீ படிச்சதெல்லாம் பரீட்சைக்கு” என்று கையைக் கழுவினார்.

சரி, பரீட்சையே வைத்துவிடுவோம் என்று உரக்கடைக்குப் போனேன். வேரிலும் டீத்தூளிலும் இருக்கிற கசப்புச் சரக்கில் இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுக்கும்; கல்லூரி ஆய்வகத்தில் முதல் வருடமே அதைச் செய்து சட்டையெல்லாம் ஞானியின் துண்டைப் போலத் துருக்கறையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரும்பு உப்புக்கு உரக்கடையில் அன்னபேதி என்று பெயர். இலை மஞ்சளடித்தால் தெளிப்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கினேன். “ஞானியோட மச்சானும் இதைத்தான் வாங்குவாரு” என்றார் கடைக்காரர், கேட்காமலே. அந்தக் கறுப்பை வெளுக்கவைக்க மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கினேன். ஏழு ஊற்றும் இரண்டு கடையில் முடிந்தது.

செவ்வாய் காலை கொட்டகையில் நிற்க இடமில்லை. சங்கத் தலைவர் தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தார். அத்தை தானாகவே வந்து, கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி நாலு முழத்துக்கு யாருமில்லை. அப்பா சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு தூணைப் பார்த்து நின்றார்.

முதல் செடி எங்களுடையது. வேர் நசுங்கியது. தண்ணீர் கறுத்தது. கன்னங்கள் சிவந்தன.

நான் முன்னால் போனேன். “சாமி, ஒரு சந்தேகம். வினை இருந்தாத்தான் தண்ணி கறுக்குமா, இல்லாட்டியும் கறுக்குமா?”

வாய் திறந்தால் பலன் போய்விடும் என்று மச்சான் பாய்ந்தார். ஞானி பெருந்தன்மையாகக் கை காட்டினார். “வினை இருந்தா மட்டும்தான் தாயி. இந்தத் தண்ணி பொய் சொல்லாது.”

அது போதும் எனக்கு. சாடியில் புதிதாக அவருடைய தண்ணீரை ஊற்றச் சொன்னேன். கூட்டத்துக்கு டீ விற்க வந்திருந்த டீக்கடைக்காரரிடம் பால் ஊற்றாத டீ ஒரு கிளாஸ் வாங்கினேன். அப்படியே சாடிக்குள் கவிழ்த்தேன்.

மை. பேனாவில் ஊற்றி எழுதலாம், அப்படி ஒரு மை.

டீக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். அழுகிற குரல். “ஏம்மா, என் டீக்கு யாரும்மா வினை வச்சது?”

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “ரெண்டு நாளாவே கசக்குதுன்னு நான் சொல்லலை?” என்றது ஒரு குரல். கையில் டீ வைத்திருந்தவர்கள் மெல்லக் கீழே ஊற்றினார்கள். டீக்கடைக்காரரைச் சுற்றியும் நாலு முழம் காலியானது. மூடநம்பிக்கைக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு எதற்கும் கிடையாது.

ஞானிக்கு வழி கிடைத்துவிட்டது. “அந்த அம்மா கண்ணு கடை மேலயும் பட்டிருக்கு” என்றார், அத்தை பக்கம் தாடியை நீட்டி.

“அப்ப நீங்க காலையிலேருந்து எத்தனை டீ குடிச்சீங்க சாமி?” என்று கேட்டேன்.

ஞானி தாடியைத் தடவினார். டீக்கடைக்காரர் சொன்னார். “மூணு. மூணும் ஸ்ட்ராங்கா கேட்டாரு.”

இப்போதுதான் முதல் சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பியது. அது அடங்கும் முன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. “இவ்வளவு நாள் யாரோ கலக்கினதை நம்புனீங்க. இன்னைக்கு உங்க கையால கலக்குங்க. வினை இருந்தா நானே பூட்டுப் போடுறேன்” என்றேன். வந்தார்.

இரண்டு கிளாஸ் வைத்தேன். ஒன்றில் வெறும் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் அதே கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் அன்னபேதி. எங்கள் செடியின் மீதி வேரை அப்பாவே நசுக்கி இரண்டு முடிச்சாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றை விட்டார். வெறும் தண்ணீர் லேசாகக் கலங்கியது; அவ்வளவுதான். மற்றது கன்னங்கரேல் என்றானது. எலுமிச்சை உப்பைக் கையில் கொடுத்தேன். போட்டுக் கலக்கினார். கறுப்பு வெளுத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அப்பா ஐந்து நிமிடத்தில் ஞானியாகிவிட்டார். தவம் இல்லை, தாடி இல்லை.

உரக்கடைக்காரர் பின்வரிசையில் பதுங்கியிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், “மாசாமாசம் வாங்குவாங்க. செடிக்குன்னு சொன்னாங்க, நான் என்னத்தைக் கண்டேன்” என்று முனகினார். ஞானிக்கும் மச்சானுக்கும் தொட்டியில்கூட ஒரு செடி கிடையாது என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

பிறகு குழியைப் பற்றிச் சொன்னேன். நோய் செடியில் மட்டும் இல்லை, மண்ணில் இருக்கிறது; பத்துத் தோட்டத்து மண்ணைக் கலந்து நூறு தோட்டத்துக்குப் பங்கு வைத்தால் நூறு தோட்டமும் காயும்; காய்ந்தால் கூட்டம் வரும். முன்னால் நின்ற ஒருவர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்.

“நான் முதல்ல வந்தப்ப என் செடிக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா, நோய் வராம இருக்கட்டும்னு வந்தேன். அந்த மண்ணைத் தூவி மூணாவது வாரம்...”

குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மச்சான் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஞானி எடைமேடையிலிருந்து குதித்தார். துண்டைப் பிடித்து இழுத்தார்கள். நாலு பேர் கையை ஓங்கினார்கள். தடுத்தது அத்தைதான். “அடிக்காதீங்க. அடிச்சீங்கன்னா நாளைக்கு அவன் காயத்துக்கும் ஒரு மாலை போட்டுக் கும்பிடுவீங்க. போலீசைக் கூப்பிடுங்க.” கூப்பிட்டார்கள்.

தலைவர் தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். அத்தை எழுந்து அப்பா முன்னால் வந்து நின்றாள்.

“டேய் தம்பி, இன்னைக்கு என் முறை எத்தனை மணிக்கு?”

அப்பா தரையைப் பார்த்தார். “பதினொண்ணுக்குக்கா.”

“போய் மோட்டாரைப் போடு.”

போனார். அத்தையின் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. எங்கள் தோட்டத்தை அது காப்பாற்றவில்லை. மண்ணில் இறங்கிய பூஞ்சை மன்னிப்புக் கேட்டால் போகிற சாதி இல்லை, வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்பா செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தார். அடுத்த போகத்துக்குச் சோளம் போடலாமா என்று அக்காவிடம் போய் யோசனை கேட்டார். அவளும் உடனே சொல்லிவிடவில்லை, வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துத்தான் சொன்னாள்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த செவ்வாய் காலை கதவைத் திறக்கிறேன், எங்கள் வாசலில் இருபது பேர். தோளில் வாடிய செடி, கையில் தட்டு நிறையப் பழம். “நீயே வாராவாரம் பாத்துச் சொல்லிடேன் தாயி” என்று ஒருவர் குனிந்து என் காலைத் தேடினார்.

காலை இழுத்துக்கொண்டேன். பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அன்னபேதிப் பொட்டலத்தை அவர்கள் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் நீங்களே கலக்கிப் பாருங்கள் என்று கதவைச் சாத்தினேன். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஓரறிவு என்று நாம் ஒதுக்கி வைத்த தக்காளிச் செடி, வேரில் எதிரி ஏறியதும் எதிரி யாரென்று கண்டு அவனுக்கு மருந்து காய்ச்சியது. பக்கத்துச் செடிதான் வினை வைத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆறறிவுக்காரர்களே, உங்கள் ஆறாவதைச் செலவழிக்க மனமில்லையென்றால், அந்தச் செடிக்காவது கொடுத்துத் தொலையுங்கள். அது பிழைத்துக்கொள்ளும்.