தீ பார்க்காத பால்

இந்த வீட்டில் இனி என் பேச்சுதான் சட்டம் என்று நான் முடிவெடுத்தபோது, செல்லாயியின் பிரசவ விடுப்பு முடிய இன்னும் ரெண்டு வாரம் இருந்தது.

"டின் பாலு இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. என் மவன் அர்ச்சுனன் தாய்ப்பாலுதான் குடிக்கணும்," என்றேன்.

"சரிங்க," என்றாள் என் மனைவி.

அவள் உடனே சரி என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் அதற்குப் பின்னால், கட்டை நகர்த்தி ஆடும் ஒரு டாம் பலகை இருந்தது. அவளுக்கு ஈப்போவில் ரேடியோ சாமான் செய்யும் ஃபேக்டரியில் காலை ஷிப்ட். எனக்கு மரப்பட்டறையில் மாலை ஷிப்ட். அவள் வேலைக்குப் போனால் காலையெல்லாம் பிள்ளை என் மடியில். கோப்பிக்கடையில் கூட்டாளி மாயாண்டியோடு டாம் கட்டை நகர்த்துவது அதோடு போச்சு. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போன அம்மாக்கள் நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஃபேக்டரியில் அதற்கு யார் விடுவார்? ஆகவே தாய்ப்பால்தான் என்றால் தாய் வீட்டில்தான். அப்படித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

விடுப்பின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுக்க ஐஸ் பெட்டியைத் திறந்தேன். குளிர் அதிகமான பின்பக்கத்தில், மூடி போட்ட சின்னச் சின்னப் போத்தல்கள். கழுத்தில் கலர் நூல்.

"என்னா செல்லாயி இது?"

"உங்க மவனோட பாலு."

"எப்ப எடுத்த?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம்லா. கைய சோப்பு போட்டுக் கழுவி, போத்தல கொதிக்க வச்சு, கையாலயே எடுத்தேன். செவப்பு நூலு வெள்ளிக்கிழம, பச்ச நூலு சனிக்கிழம. பழசத்தான் மொதல்ல கொடுக்கணும்."

ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பலகை தூக்குவதில் எனக்கு நிகரில்லை என்று பட்டறையில் பேர். என் உடம்பிலிருந்து வியர்வையைத் தவிர என்ன வந்திருக்கிறது? அப்புறம்தான் கவனித்தேன்.

"மேல ஆடை பிரிஞ்சு நிக்குது. கெட்டுப் போச்சு," என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

செல்லாயி போத்தலை வாங்கி மெதுவாகச் சுழற்றினாள். பால் ஒன்றாகக் கலந்துவிட்டது.

நான் விடவில்லை. "தாய்ப்பாலு தீயப் பாத்தா அம்மாவுக்குப் பாலு வத்திடும்னு தோட்டத்துல சொல்வாங்க. ஜில்லுன்னு கொடுத்தா புள்ளைக்குச் சளி. இப்ப என்னா பண்ணுவ?"

அவள் ஒரு குவளையில் சுடுதண்ணீர் ஊற்றி, போத்தலை அதற்குள் நிறுத்தினாள். "தண்ணிதான் தீயப் பாத்துச்சு. பாலு பாக்கல."

என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. "என் கையால குடிக்க மாட்டான்."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. அந்த வேலை மேல் அவளுக்கு உயிர். "அது மெய்தான். நாளைக்கு ஒரு தடவ கொடுத்துப் பாருங்க. குடிக்கலன்னா நான் வேலைய விட்டுர்றேன்," என்றாள்.

மனசுக்குள் நான் டாம் கட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, ஃபேக்டரிச் சட்டையில் நின்ற செல்லாயி, ராத்திரி தான் கட்டியிருந்த கைலியை என் தோளில் போட்டாள். அம்மா வாசனை இருந்தால் பிள்ளை பயப்படாதாம். என் மணிக்கட்டில் ரெண்டு சொட்டு விட்டுச் சூடு பார்க்கச் சொன்னாள். போத்தலைக் கோணலாகப் பிடித்துக் காரியத்தைக் கெடுப்பதுதான் என் திட்டம்.

அர்ச்சுனன் கோணலைப் பற்றிக் கவலைப்படவில்லை. கவ்விக்கொண்டான். என் கட்டைவிரலைக் கை முழுக்கப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு குடித்தான். அவள் ராத்திரி எடுத்து வைத்த பால், அவள் மடி இல்லாமலே அவனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்க வேண்டும் என்பதே மறந்துபோனது.

"குடிக்கிறான் செல்லாயி. மொத தடவையே குடிக்கிறான். எல்லாம் என் கைராசி."

தெருமுனையில் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. "மிச்சம் வச்சா ஊத்திருங்க. திரும்ப ஐஸ் பெட்டில வைக்காதீங்க," என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளோடு அதே ஃபேக்டரியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு நவமணியக்கா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க?" என்றேன்.

பதில் செல்லாயியிடமிருந்து வந்தது.

"நீங்க வேலைக்குப் போனப்புறம், ஒரு வாரமா அவன் அக்கா கையால போத்தல்லதாங்க குடிக்கிறான். பழக்க வேண்டியிருந்தது உங்கள மட்டுந்தான்."