துரையின் கிட்டாரும் அதன் முனகலும்

என் கிட்டாரைக் காப்பாற்ற நான் ஒரு மனிதனைக் கொன்றேன்.

வாயால்தான் கொன்றேன். ஆனாலும் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடவில்லை.

ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்த நான் ஈப்போ டவுனுக்கு வந்து, பகலில் பஸ் பட்டறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மேடையிலும் பிழைத்துக்கொண்டிருந்த எண்பத்தொன்றாம் வருஷம் அது. என்னிடம் இருந்த கிட்டார், எங்கள் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது பங்களாவில் விட்டுப் போனது. அதற்கு என்னைவிட வயது அதிகம். அதை என் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்.

என் மச்சினன் அர்ச்சுனனுக்கு அதன்மேல் ஒரு கண். பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து ஒருநாள் புதுக் கிட்டாரோடு வந்து இறங்கினான். அதே கம்பெனி, அதே பழைய அச்சில், மறுபடி செய்து விட்டிருந்தது.

"மச்சான், அச்சு அசல் அதேதான்லா. இதை வச்சுக்கிட்டு பழசை எனக்குக் குடுங்க."

"அச்சு ஒண்ணு. சத்தம் ஒண்ணாடா? கேளு!"

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். புதுசு பளிச்சென்று ஒலித்து உடனே அடங்கிவிட்டது. பச்சை மரம், வேறென்ன செய்யும்? பழசு அப்படியில்லை. கையை எடுத்த பிறகும் அடி நரம்பில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் நின்று, மெதுவாகத்தான் போனது.

அடுப்படியிலிருந்து என் மனைவி முத்தம்மா எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் டொய்ங்னுதான் கேக்குது. தம்பி ஆசைப்படுறான். குடுத்துருங்க."

எங்கள் வீட்டில் அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அதனால்தான் அந்தக் கொலையைச் செய்தேன்.

"முத்தம்மா, அந்த முனகல் என்னன்னு நினைச்சே? துரை இதை வாசிச்சுக்கிட்டே செத்துப்போனான். கடைசி மூச்சு உள்ளேயே நின்னுருச்சு. இது வேற வீட்டுக்குப் போனா, அந்த வீட்டைச் சும்மா விடாது."

அர்ச்சுனன் முகம் வெளுத்தது. முத்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கிட்டாரின் வாயில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"ஆமாங்க," என்றாள் மெல்ல. "உள்ள யாரோ இருக்காங்க."

பொய் சொன்ன எனக்கே முதுகு சில்லிட்டது.

யோசித்துச் சொல்லுங்கள் என்று புதுசை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனான் அர்ச்சுனன். வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தால் வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. முனியாண்டி கோயில் பூசாரி மாயாண்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் கிட்டார் தலை முதல் கால்வரை சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கியது. துரைக்குப் படையல் டின் பிஸ்கட்டும், நான் ஒளித்து வைத்திருந்த ஸ்டவுட் பீர் பாட்டிலும்.

"நாப்பத்தெட்டு நாள் யாரும் தொடக்கூடாது," என்றார் பூசாரி. "தொட்டா தொட்டவன் மேல ஏறிருவாரு."

புதுசை எடுத்துப்போக வந்திருந்த அர்ச்சுனன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடினான். பயந்துவிட்டான் என்று எனக்கு ஒரே குஷி.

குஷி மூன்று நாள்தான். நாலாம் நாள் சாயங்காலம் மழை. கூடம் இருட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. சிவப்புத் துணிக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்றது.

மறுநாளும் முனகியது. மழை இல்லாத நாளும் முனகியது. எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கியது. துணி ஏறி இறங்குவதுபோல் இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் "குட் ஈவினிங் துரை" என்று சொல்லிப் பழகினேன்.

மனசு கேட்காமல், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணியைத் தேடிப் போனேன். "துரை சீமையில சௌக்கியந்தானே ஐயா?"

"தெரியலையேப்பா. ரெண்டு வருஷமா கிறிஸ்மஸ் கார்டு வரலை."

திரும்பி வந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாய் அடங்குமா? "பார்த்தியா முத்தம்மா, பழைய மரம்! கட்டிப் போட்டாலும் பேசுது. புதுசு இப்படிப் பேசுமா?"

"பேசாதுங்க," என்றாள் பணிவாக. பன்னிரண்டு வருஷத்தில் அவள் பணிந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாற்பத்தெட்டாம் நாள் பூசாரி துணியை அவிழ்த்தார். பளபளவென்று வார்னிஷ் மின்னியது. உள்ளே இருந்தது அர்ச்சுனனின் புதுசு.

"முத்தம்மா! பழசு எங்கே?"

"துணி சுத்துன அன்னைக்கே தம்பி பெட்டியில போயிருச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, யாரும் தொடாத புதுசு 'ம்ம்ம்' என்றது. பூசாரி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அப்ப... அர்ச்சுனன் வீட்டுல?"

"அங்க ஒரு முனகலும் இல்லையாம், பிள்ளைங்க நல்லாத் தூங்குதாம்," என்றாள் முத்தம்மா, அடுப்படிக்குத் திரும்பியபடியே. "துரையைக் கூப்பிட்டது நீங்கதானே? நீங்களே வச்சுக்குங்க."