இஃப் இல்லாத பக்கம்

ஒரு நாகரிகத்தின் மேன்மையை, அதன் இணையப் பக்கங்களுக்குள் எத்தனை 'இஃப்' என்னும் நிபந்தனை வரி ஒளிந்திருக்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி இதை அறிவித்த டீம் லீடருக்குச் 'சுத்தம் சார்' என்று பெயர். அறிவித்தபோது அவர் சட்டையில் ஒரு பித்தான் மாறிப் போயிருந்தது.

மூன்று மணிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முதலாளியம்மா தன் இணையதளத்தைப் பார்க்க வருகிறார். "இது சொதப்பினா, டீம் லீடர் வேலையை டெஸ்டர் அக்கா பார்க்கட்டும்" என்று காலையிலேயே மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்தத் தளத்தின் தேர்வு முடிவுப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு நிபந்தனை. தேறியவருக்கு 'வாழ்த்துகள்!' தேறாதவருக்கு 'மனம் தளராதீர்கள்!'

"நல்லாத்தானே சார் ஓடுது? ஏன் கை வைக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"ஓடினாப் போதுமா? பக்கம்னா கண்ணாடி மாதிரி இருக்கணும்மா. நிபந்தனை எல்லாம் வேற கோப்புல இருக்கணும்."

நிபந்தனையைத் தூக்கி வேறொரு கோப்பில் வைத்தார். திரையில் இரண்டும் சேர்ந்து வந்தன: 'வாழ்த்துகள்! மனம் தளராதீர்கள்!'

"கல்யாண மண்டபத்து வாசல்ல எழுதி வைக்கலாம் சார்" என்றாள் அக்கா.

அந்தக் கோப்பை இரண்டாகப் பிரித்தார். வார்த்தைகள் எல்லாம் போய், நட்டநடுவில் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் நின்றது.

"இது என்ன சார்?"

"இதான்மா எளிமை."

நான்காகப் பிரித்தார். இப்போது ஊரே தேறவில்லை. பள்ளியின் தலைமைப் பயிற்சியாளருக்கும் 'மனம் தளராதீர்கள்!' என்று வந்தது.

"பயிற்சியாளரே ஃபெயிலா? இனிமே யாரு சார் சொல்லித் தருவா?"

"வாயை மூடிட்டுச் சோதனை பண்ணும்மா!"

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கோப்புகள் பதினொன்று ஆயின. இரண்டே முக்காலுக்கு ஒருவழியாக எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. தேறியவருக்கு வாழ்த்து, தேறாதவருக்கு ஆறுதல். பக்கத்துக்குள் தேடினாலும் ஓர் இஃப் கிடையாது. சுத்தம் சார் முகம் கழுவி, மாறியிருந்த பித்தானையும் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலாளியம்மா திரையை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் மேனேஜர், அவருக்குப் பின்னால் அக்கா.

"இதை எழுத எனக்கு அரைநாள் ஆச்சும்மா" என்றார் சுத்தம் சார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "தேறினவங்க, தேறாதவங்க, ரெண்டு பேரும் இதே பக்கத்துக்குத்தான் வருவாங்க. ஆனா உள்ள பாருங்க, ஒரு நிபந்தனைகூடக் கண்ணுல படாது!"

"ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார் முதலாளியம்மா. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா தேறாதவங்களுக்கு நாங்க லாகினே குடுக்கிறதில்லையே. என்னென்ன வேணும்னு நாங்க எழுதிக் குடுத்து நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல முதல் வரியே அதுதான்."